ஒன்பதாம் எண் வெப்பமானி

மார்ச் 3, திங்கள்

பதினொரு வருடத்துக்கு முன்னால் இவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். புது ஃபிரிட்ஜ் வாங்கக் கடைக்குப் போயிருந்தோம். கதவில் ஒட்டியிருந்த நட்சத்திர ஸ்டிக்கரைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, அஞ்சு ஸ்டார்னா அஞ்சு மடங்கு குளிருமா?" என்றார். கடைக்காரர் முன்னாலேயே நான் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் வகுப்பில் இந்தக் கேள்வியைச் சொல்லித்தான் மின்சாரப் பாடத்தைத் தொடங்குவேன். "நட்சத்திரம் குளிரை அளக்காது. அந்தப் பெட்டி எவ்வளவு குறைவாகக் கரண்ட் சாப்பிடுகிறது என்பதை மட்டும்தான் அளக்கும். குறைவாகச் சாப்பிடுகிற ஆள் என்றால் நன்றாக வேலை செய்கிற ஆள் என்று அர்த்தமா?" பிள்ளைகள் சிரிப்பார்கள். கேட்டது யார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ஊர் சின்னது. இவர் கண்டக்டராகப் போன பஸ்ஸில்தான் பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். இவருக்குத் தெரிந்துதான் இருக்கும்.

இன்று அந்த ஞாபகம் வரக் காரணம் லோகநாதன். 2001 பத்தாம் வகுப்பு, மூன்றாவது பெஞ்ச். இப்போது கணபதி ஏரியாவில் சொந்தமாகக் கம்பெனி வைத்து ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வைக்கும் குளிர்பெட்டி செய்கிறான். காலையில் வீட்டுக்கு வந்தான்.

"டீச்சர், எங்க போனாலும் மொதக் கேள்வியே 'எத்தனை ஸ்டாருங்க?'ங்கறாங்க. ரெண்டு ஆர்டர் கைவிட்டுப் போச்சு. அந்த ரூல்ஸ் எங்க பெட்டிக்கு வருமா வராதான்னு நீங்கதான் படிச்சுச் சொல்லோணும்."

ஒரு கட்டுக் காகிதம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். ஓய்வு பெற்று ஆறு வருடம் கழித்து என்னிடம் யாரோ வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

இவருக்கு இன்சுலின்: காலை 22, மாலை 14. வெறும் வயிற்றில் 128. நல்ல பிள்ளை.


மார்ச் 6, வியாழன்

படித்து முடித்தேன். வீட்டு ஃபிரிட்ஜுக்கு உள்ள நட்சத்திர விதி மருந்துப் பெட்டியைக் கட்டுப்படுத்தாது. லோகநாதனுக்கு ஓர் உதாரணம் சொன்னேன்.

"பி.டி. பீரியடில் ஓட வேண்டாமென்று டாக்டர் சீட்டு வாங்கி வருகிற பிள்ளை இருக்கும் இல்லையா? அது நன்றாக ஓடும் என்பதற்காக விலக்குக் கொடுப்பதில்லை. அதற்கு வேறு கவலை இருக்கிறது. உன் பெட்டியும் அப்படித்தான். ரெண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் மருந்தை வைத்திருப்பது அதன் வேலை. அதற்கு எவ்வளவு கரண்ட் ஆனாலும் ஆகட்டும் என்றுதான் விட்டிருக்கிறார்கள்."

"எனக்குப் புரியுதுங் டீச்சர். வாங்கறவங்களுக்குப் புரியோணுமே. வீட்டு ஃபிரிட்ஜ்ல பாத்துப் பழகிட்டாங்க. ஸ்டார் இல்லைன்னா மட்டமான சாமான்னு நெனைக்கறாங்க."

கடைசியில் முடிவானது இது. வீட்டு ஃபிரிட்ஜை எப்படிச் சோதிக்கிறார்களோ அதே முறையில் கம்பெனியே தன் பெட்டியைச் சோதித்து, தானே ஒரு லேபிள் ஒட்டிக்கொள்ளும். அது கம்பெனியின் சொந்த மதிப்பீடு என்று அடியில் எழுத வேண்டுமென்றேன். சரி என்றான். சோதனையை நான் பார்த்துக்கொள்வேன்.


மார்ச் 11, செவ்வாய்

ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட். ஓர் ஓரத்தில் கண்ணாடி அறை, அதில் சூடு எப்போதும் முப்பத்திரண்டு டிகிரியில் நிற்கும். நடுவில் பெட்டி, முழு உயரம், வெள்ளைக் கதவு. உள்ளே ஒன்பது வெப்பமானிகள் வைத்தேன். மேல் தட்டில் மூன்று, நடுவில் மூன்று, கீழே மூன்று. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி நூலில் கட்டினேன். ஒன்பதாம் எண், கீழ்த்தட்டில் பின்புறச் சுவரை ஒட்டி.

ஃபிட்டர் ஆறுச்சாமி எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். என் வயசு இருக்கும். குளிர்பெட்டி வேலையில் நாற்பது வருடம்.

"டீச்சர், இந்தப் பெட்டிக்குள்ள ஒரு ஃபேன் நிக்காம ஓடுது பாத்தீங்களா? அதுதான் இதோட உசுரு. குளிரை எல்லாத் தட்டுக்கும் சமமாப் பங்கு போடுது."

முதல் நாள் சோதனை: ஒரு நாளைக்கு 1.9 யூனிட் கரண்ட். ஒன்பது எண்ணும் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில், ஒரு கோடு போட்ட மாதிரி. நட்சத்திரக் கணக்கில் இரண்டுதான் வரும். லோகநாதன் முகம் விழுந்துவிட்டது.

வரும் வழியில் முருங்கைக்காய் வாங்கினேன். 22, 14. காலை 131.


மார்ச் 15, சனி

லோகநாதன் சொல்லச் சொல்ல ஆறுச்சாமி ஒவ்வொன்றாக மாற்றினார். கதவு ஓரம் வேர்க்காமலிருக்க ஒரு சூட்டுக்கம்பி உண்டு. அதை எடுத்துவிட்டார். 1.7. கம்ப்ரஸர் நின்றால் ஃபேனும் நிற்கும்படி ஒயரை மாற்றினார். 1.4. கணக்கில் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் வருகிறது. மூன்றரை நட்சத்திரம் என்று ஒன்று கிடையாது.

"இன்னுங் கொஞ்சம் ரெஸ்ட் குடுக்கலாமுங்க ஆறுச்சாமியண்ணா. ரெண்டு டிகிரி ஏறினதும் கம்ப்ரஸர் ஓடறதுக்குப் பதிலா அஞ்சு டிகிரி ஏறினப்பறம் ஓடட்டும்."

ஆறுச்சாமி என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.


மார்ச் 19, புதன்

இறுதிச் சோதனை. ஒரு நாளைக்கு 1.1 யூனிட். ஐந்து நட்சத்திரம். ஷெட்டில் எல்லோருக்கும் பஜ்ஜி வந்தது.

பழக்கதோஷம், பதினைந்து நிமிடத்துக்கொரு முறை ஒன்பது எண்ணையும் நோட்டில் குறித்திருக்கிறேன். மேல் தட்டு 7.8 வரை ஏறி இறங்கியது. நடுத்தட்டு 4, 5. ஒன்பதாம் எண் மூன்று முறை பூஜ்யத்துக்குக் கீழே போனது. ஒருமுறை மைனஸ் 1.4, நாற்பது நிமிடம். மொத்தச் சராசரி 4.8.

"சராசரி ரெண்டுக்கும் எட்டுக்கும் நடுவுலதான டீச்சர் இருக்குது?"

"இருக்கிறது."

"வீட்டு ஃபிரிட்ஜ் டெஸ்ட்ல சராசரிதான கேக்கறாங்க?"

"ஆமாம்."

கையெழுத்துப் போட்டேன். ஆறுச்சாமி பெட்டிக் கதவைத் தட்டிக்கொடுத்து, "பட்டினி போட்டா மார்க்கு கெடைக்கும்னு இத்தனை வருசம் எனக்குத் தெரியாமப் போச்சே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

வீட்டுக்கு வந்து துவரம்பருப்பு வேகப் போட்டேன். ஏனோ தனலட்சுமி நினைவுக்கு வந்தாள். ஒரு வருடம் என் வகுப்புச் சராசரி அறுபத்திரண்டு, பள்ளியிலேயே முதல். மேடையில் எனக்குப் பாராட்டு. அந்த அறுபத்திரண்டுக்குள் தனலட்சுமியின் பதினொன்றும் இருந்தது. அடுத்த வருடம் அவள் பள்ளிக்கு வரவில்லை.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பருப்பு அடிப்பிடித்துவிட்டது.


மார்ச் 28, வெள்ளி

லேபிள் அச்சாகி வந்துவிட்டது. ஐந்து நட்சத்திரம், பச்சையும் மஞ்சளும். கீழே, 'சோதித்தவர்: தி. வசந்தாமணி, எம்.எஸ்ஸி., பி.எட்.' கம்பெனியின் சொந்த மதிப்பீடு என்ற வரி எறும்பு எழுத்தில் இருக்கிறது. ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இவர் அதை வாங்கிச் சட்டைமேல் வைத்துக் கண்ணாடி முன் நின்றார்.

"ஏம்புள்ள, எனக்கு எத்தன ஸ்டாரு? நானும் கம்மியாத்தான் திங்கறேன்."

"உங்களுக்கு ரெண்டு. சத்தம் ஜாஸ்தி."

"அப்ப இந்த வீட்டுல கொறவாப் பேசற சாமான் ஒண்ணுதான் இருக்குது," என்று சொல்லி, இந்த நாட்குறிப்பின் அட்டையில் ஒட்டிவிட்டார். நன்றாகத்தான் இருக்கிறது.


ஏப்ரல் 4, வெள்ளி

முதல் பெட்டி திங்களன்றே நம் தெருமுனை தர்ம ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. பழைய பெட்டியை எடைக்குப் போட்டுவிட்டார்கள். அன்று என்னைக் கூப்பிட்டுச் சுவிட்ச் போடச் சொன்னார்கள். நர்ஸ் ஜெபமேரி லேபிளைத் தொட்டுப் பார்த்து, "நம்ம டீச்சர் பேரே போட்டிருக்குது. இனி எனக்கென்ன கவலை?" என்றாள்.

இவருக்கு மாதாமாதம் அங்கேதான் இன்சுலின். இன்று வரிசையில் முதல் ஆள் இவர்தான். புதுப் பெட்டியிலிருந்து எடுத்த முதல் பாட்டில்கள். ஈரத் துணியில் சுற்றி உடனே வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் கதவில் வைத்தேன்.


ஏப்ரல் 17, வியாழன்

காலை வெறும் வயிற்றில் 214. நேற்று 198. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். நீ போட்டதைத்தான் என்றார். சித்திரை விஷுவுக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்த பாயசத்தைப் பாதி நான் குடித்தேன், பாதியைக் கொட்டியதாக இவர் சொல்கிறார். எங்கே கொட்டினார் என்று தெரியவில்லை.

லோகநாதன் போன் செய்தான். மேலும் நாலு பெட்டி போயிருக்கிறதாம்.


ஏப்ரல் 29, செவ்வாய்

246. டாக்டர் அளவைக் கூட்டினார். காலை 28, மாலை 18.

ஊசி போடுவதற்கு முன் பாட்டிலைக் கையில் உருட்டினேன். இவருடைய மருந்து எப்போதும் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், உருட்டினால் கலந்துவிடும். இவர் அதை என்னிடமிருந்து வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

"இது செரியில்ல புள்ள. திரிஞ்ச பாலாட்டம் திப்பி திப்பியாக் கெடக்குது. கண்ணாடில ஒட்டிக்குது பாரு."

"நன்றாக உருட்டவில்லை, அவ்வளவுதான்."

"முப்பத்தோரு வருசம் கிழிஞ்ச நோட்டும் கள்ள நோட்டும் பாத்த கண்ணு இது."

"இது நோட்டு இல்லை. மருந்து. அந்தப் பெட்டியைச் சோதித்தவள் நான்."

மறுபடி உருட்டிப் போட்டேன். கையை நீட்டினார்.


மே 6, செவ்வாய்

சட்டையைத் துவைக்கும்போது பாக்கெட்டில் ஓர் ஆரஞ்சு மிட்டாய் அகப்பட்டது. காகிதம் பிரிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு போய் முன்னால் நின்றேன்.

"இதுதான் நான் போட்டதை மட்டும் தின்பதா?"

"அது திங்கறதுக்கு வெச்சதில்ல புள்ள."

"பின்னே பூஜைக்கா?"

"நாந் திங்கலைன்னா திங்கலை. அதுக்கு மேல என்ன டிக்கெட்டு கிழிச்சுக் காட்டோணும்?"

இத்தனை வருடத்தில் இவர் என்னிடம் பொய் சொன்னதில்லை என்று நம்பியிருந்தேன். சர்க்கரை டப்பாவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். மத்தியானம் இவர் சாப்பிடவில்லை.

271.


மே 13, செவ்வாய்

289. பேச்சில்லை.


மே 20, செவ்வாய்

வலது கால் கட்டை விரல் பக்கத்தில் சின்னப் புண். செருப்பு கடித்தது என்கிறார். மஞ்சள் பூசப் போனார், கூடாது என்று சொல்லி மருந்து போட்டுக் கட்டினேன்.

காலை 34, மாலை 22. மகள் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டாள். "அப்பா திருட்டுத்தனமா இனிப்புச் சாப்பிடறாரா?" என்று சிரித்தாள். ஆமாம் என்றேன். இவர் அடுத்த அறையில்தான் இருந்தார்.

லோகநாதன் சாயந்திரம் வந்தான். மொத்தம் பதினோரு பெட்டி வெளியே போய்விட்டதாம். எனக்கு ஒரு கைக்கடிகாரம் கொண்டுவந்திருந்தான். வேண்டாம் என்று சொல்லியும் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். கட்டிக்கொள்ளவில்லை.

ஒன்று எழுதிவைக்கத் தோன்றுகிறது. இந்த நோட்டில் இப்போது பெட்டியின் யூனிட்டும் இருக்கிறது, இவர் யூனிட்டும் இருக்கிறது. அங்கே குறைகிறது, இங்கே கூடுகிறது. அவ்வளவுதான், வேறொன்றுமில்லை.


மே 28, புதன்

புண் ஆறவில்லை. பக்கத்து விரலுக்கும் வந்துவிட்டது. வாடை.


ஜூன் 2, திங்கள்

இரண்டு நாளாகத் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டார். இன்று காலை எழுப்பினால் கண் திறக்கவில்லை. ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சர்க்கரை 540. மடியில் தலை. டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "கண்டக்டரய்யாங்களா? நான் அவரு பஸ்ல போனவனுங்க," என்றார்.

பூட்டிய சர்க்கரை டப்பாவின் சாவி இன்னும் இடுப்பில் இருந்ததை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். குத்தியது.


ஜூன் 5, வியாழன்

கண் விழித்துவிட்டார். ஆஸ்பத்திரி இன்சுலின் போடுகிறார்கள். வெறும் பதினெட்டு யூனிட்டிலேயே 170க்கு வந்துவிட்டது. அங்கே இருக்கும் டாக்டரம்மா சின்னப் பெண். சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வீட்டுல காலைல மட்டும் முப்பத்திநாலு போட்டும் எறங்கலைங்களா? மருந்தை எங்கம்மா வெச்சிருந்தீங்க?"

"ஃபிரிட்ஜ் கதவில்."

"அது சரிதான். அதுக்கு முன்னாடி?"

தர்ம ஆஸ்பத்திரியில் என்றேன்.

"ஒரு தடவை உறைஞ்சு போன இன்சுலின் வெறும் தண்ணிங்கம்மா. மறுபடி உருகினாலும் பிரயோஜனமில்லை. திப்பி திப்பியா ஏதாவது இருந்துச்சா?"

நான் கவனிக்கவில்லை என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் துடைத்தேன். மூன்று தட்டையும் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவினேன். கறிவேப்பிலையை ஆய்ந்து டப்பாவில் போட்டேன். எலுமிச்சை ஐந்து இருந்தது.


ஜூன் 6, வெள்ளி

ஆறுச்சாமிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்யவில்லை.


ஜூன் 9, திங்கள்

ஏப்ரல் 29, மே 6 பக்கங்களைத் திருப்பிப் படித்தேன். மிட்டாயின் காகிதம் பிரிக்கவில்லை என்று அன்றைக்கே எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான்.


ஜூன் 10, செவ்வாய்

தர்ம ஆஸ்பத்திரிக்குப் போனேன். பையில் ஒன்பதாம் எண் வெப்பமானி. மார்ச்சில் ஷெட்டிலிருந்து தவறுதலாக என் பையோடு வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். நான்தான் எடுத்து வந்தேன்.

கீழ்த்தட்டு முழுக்க இன்சுலின் அட்டைப்பெட்டிகள், பின்சுவரை இடித்துக்கொண்டு அடுக்கியிருந்தார்கள். ஞாயிறன்று கதவையே திறப்பதில்லையாம். சுவரை ஒட்டி வெப்பமானியை வைத்துவிட்டு ஜெபமேரியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"ஐயா எப்படி இருக்காருங்க டீச்சர்? பாக்கெட்ல மிட்டாய் வெச்சிருக்காரா? டாக்டர் அளவைக் கூட்டினதும் நான்தான் ஒண்ணு குடுத்து, 'திடீர்னு சர்க்கரை எறங்கி மயக்கமா வந்தா வாயில போட்டுக்கோங்க, இல்லைன்னா தொடவே கூடாது'ன்னு சொல்லியிருந்தேன்."

"தொடவில்லை," என்றேன்.

கதவைத் திறந்தோம். மைனஸ் 2.9. பின்வரிசையில் ஒரு பாட்டிலை எடுத்து ஜெபமேரி குலுக்கினாள். சத்தம் வரவில்லை. கட்டியாக இருந்தது. அதை என் கையில் வைத்தாள். லேபிளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"எத்தனை பேர் இங்கே இன்சுலின் வாங்குகிறார்கள்?"

"நாப்பத்தி மூணு பேருங்க."

கீழ்த்தட்டு மருந்து முழுக்க ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, யாருக்கும் கொடுக்கக் கூடாதென்று எழுதி ஒட்டினோம். நாற்பத்து மூன்று பேரையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றேன். "கூப்பிடறேனுங்க," என்றாள். 'டீச்சர்' என்று சொல்லவில்லை.


ஜூன் 11, புதன்

கம்பெனிக்குப் போனேன். லோகநாதன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். மூன்றாவது பெஞ்சில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பானே, அதே மாதிரி.

"பதினோரு பெட்டியிலிருந்தும் லேபிளை எடுக்க வேண்டும். பதினோரு இடத்துக்கும் உள்ளே இருக்கும் மருந்தை நம்பாதீர்கள் என்று கடிதம் போக வேண்டும். உன் கையெழுத்தும் என் கையெழுத்தும்."

"டீச்சர், கெஞ்சிக் கேக்கறனுங்க. ஆறுச்சாமியண்ணனை அனுப்பி சத்தமில்லாம பழைய மாதிரி ஒயரை மாத்திர்றேன். லெட்டர் போட்டா கம்பெனியே இருக்காதுங்க. பதினாறு பேரு வேலை பாக்கறாங்க."

"உள்ளே ஏற்கெனவே கெட்டுப்போன மருந்து?"

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். பிறகு மெதுவாக, "சராசரி செரியா இருக்குதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க," என்றான்.

உண்மை. அவன் குறை சொல்லிச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. நான் சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொன்னான்.

மார்ச் 19ம் தேதி நோட்டை மேஜைமேல் திறந்துவைத்தேன். ஒன்பதாம் எண் வரிசை. "இது என் கையால் எழுதியது. இதைத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். கடிதத்தில் இதையும் எழுது."

வாசலில் ஆறுச்சாமி நின்றிருந்தார். "போன் அடிச்சீங்க, எனக்குத் தெரியுமுங்க. என்ன சொல்றதுன்னு தெரியலை, எடுக்கலை," என்றார். "ஒயரை அறுத்த கை இதுதானுங்க."

கடிதம் சாயந்திரம் தயாரானது. லோகநாதன் கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடி வைக்கக்கூட இல்லை.


ஜூன் 14, சனி

வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். கணுக்காலுக்கு மேலே.

ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பார். அதற்காகவே பிள்ளைகளுக்கு இவரைப் பிடிக்கும்.


ஜூன் 18, புதன்

தபாலில் போட்டால் மேஜை டிராயருக்குள் போய்விடும் என்று நானும் ஆறுச்சாமியும் நேரிலேயே போகிறோம். ஆறுச்சாமி ஃபேன் ஒயரைப் பழையபடி மாற்றுகிறார், நான் லேபிளைச் சுரண்டுகிறேன். ஒட்டும்போது நல்ல பசையாகக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். மண்ணெண்ணெய் தொட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இன்று மூன்று இடம்.


ஜூன் 21, சனி

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மருத்துவமனை. ஸ்டோர் பொறுப்பாளர் கடிதத்தைப் படித்துவிட்டு முன்னும் பின்னும் திருப்பினார்.

"பெட்டி நல்லாத்தானுங்க ஓடுது. அஞ்சு ஸ்டார் போட்டிருக்குதே?"

"அது கரண்டுக்குப் போட்டது."

"எதுக்குப் போட்டாலும் அஞ்சு அஞ்சுதானுங்க. ஆடிட்டுக்கு வந்தவங்களே பாத்துப் பாராட்டிட்டுப் போனாங்க. எடுக்க வேண்டாமுங்க."

சோதித்தவர் பெயரைக் காட்டி, அது நான்தான் என்றேன். சிரித்தார். வெப்பமானியைக் கீழ்த்தட்டில் வைத்துக் காத்திருந்து காட்டிய பிறகுதான் சிரிப்பு நின்றது. அங்கே குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசியும் கீழ்த்தட்டில்தான் இருந்தது. மார்ச்சில் நான் நினைத்தது இன்சுலினைப் பற்றிக்கூட இல்லை. ஒன்றையும் நினைக்கவில்லை.


ஜூன் 27, வெள்ளி

பதினோராவது இடம் முடிந்தது. லோகநாதன் ஷெட்டைப் பூட்டிவிட்டானாம். ஆறுச்சாமிதான் பஸ் ஸ்டாண்டில் சொன்னார். "எனக்கென்னங்க, வயசாச்சு. மத்தவங்கதான்," என்றார். இருவரும் டீ குடிக்காமலே கிளம்பினோம்.

ஜெபமேரியிடமிருந்து செய்தி. நாற்பத்து மூன்று பேரில் நாற்பத்தோரு பேர் வந்து புது மருந்து வாங்கிவிட்டார்கள். ஒருவர் ஊர் மாறிவிட்டார், தேடுகிறார்கள். இன்னொரு அம்மா மே மாதமே இறந்துவிட்டார். வயது எழுபத்தெட்டு. எதனால் என்று யாருக்கும் தெரியாது. என்னால் 'தெரியாது' என்று எழுத முடியவில்லை.


ஜூன் 30, திங்கள்

இவரை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கட்டிலை ஜன்னல் பக்கம் மாற்றிப் போட்டேன். புது மருந்து, 18ம் 10ம். காலை 136.

சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை. காலின் கட்டுத் துணியை மாற்றும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். மாற்றி முடித்ததும் கஞ்சி வைக்கப் போய்விட்டேன்.


ஜூலை 5, சனி

சொல்லிவிட்டேன்.

காலை ஊசிக்கு மருந்தை உருட்டிக்கொண்டிருந்தேன். எப்போதும்போல் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது நல்ல மருந்து," என்று திருப்பிக் கொடுத்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஷெட், ஃபேன், ஒன்பதாம் எண், சராசரி, கையெழுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஓரிடத்திலும் உதாரணம் சொல்லவில்லை. மிட்டாயைப் பற்றியும் சொன்னேன்.

ஜன்னல் பக்கம் திரும்பினார். தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. எந்த நம்பர் பஸ் என்று எப்போதும் சத்தத்திலேயே சொல்வார். இன்று சொல்லவில்லை.

"ஏம்புள்ள."

"ம்."

"அன்னைக்குக் கடைல கேட்டனே, அஞ்சு ஸ்டார்னா அஞ்சு மடங்கு குளிருமான்னு. நீ சிரிச்ச. அப்பறம் வருசா வருசம் க்ளாஸ்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சுதாக் கேள்விப்பட்டேன்."

"ஆமாம்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். டீச்சருக்கு இது தெரியுமில்ல, அது போதும்னு நெனைச்சுக்கிட்டேன்."

கையை நீட்டினார். ஊசியைப் போட்டேன். போடும்போது இவரே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். போட்டு முடித்த பிறகு விட்டுவிட்டார். அதன்பின் இரவுவரை என்னோடு பேசவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. திரும்பிப் படுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.


ஜூலை 13, ஞாயிறு

நாட்குறிப்பின் அட்டையிலிருந்து ஸ்டிக்கரை எடுக்கப் பார்த்தேன். மண்ணெண்ணெய் தடவியும் பாதிதான் வந்தது. நட்சத்திரங்கள் போய்விட்டன. என் பெயர் இருக்கிறது. இருக்கட்டும்.

இவருடைய சட்டைகளை இன்று துவைத்தேன். துவைத்து மடித்தபின் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஓர் ஆரஞ்சு மிட்டாய் வைத்தேன். இவர் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சர்க்கரை டப்பா சாவி எங்க வெச்சிருக்கற?" என்றார்.

"தூக்கிப் போட்டுவிட்டேன்."

"அப்ப உனக்குக் காப்பிக்கு?"

இத்தனை நாள் நான் சர்க்கரை இல்லாமல் குடிப்பதைக் கவனித்திருக்கிறார்.

இந்த நோட்டு யார் கைக்கு வந்தாலும், கதையை மறந்துவிடுங்கள், இதை மட்டும் செய்யுங்கள். உங்கள் ஃபிரிட்ஜில் மருந்து வைக்கும் இடத்தில் ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு வெப்பமானியை நிறுத்தி, கதவைச் சாத்தி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் கதவைத் திறந்ததும், வேறு எதையும் எடுப்பதற்கு முன்னால், அந்த எண்ணைப் படியுங்கள்.